கிளாட் தேர்வும் அதன் மதிப்பெண்ணும்: சென்னை மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

நான் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். சட்டம் படிக்க விரும்பும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் கிளாட் (CLAT) என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கு வழிகாட்டி வருகிறேன். என் மகளும் 2023 டிசம்பரில் இத்தேர்வை எழுதினாள். பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

கிளாட்டில் தேறாவிட்டால் சட்டம் படிக்கவே முடியாதா?

தாராளமாகப் படிக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தேர்வில் தவறிய பிறகு ஆறுதலாகச் சொல்லப்படும்போது இந்த விடையை எந்தப் பிள்ளையும் நம்புவதில்லை. தயாரிப்பைத் தொடங்கும் நாளிலேயே தெரிந்திருந்தால்தான் அது பயன்படும்.

கிளாட் என்பது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் நுழைவுத் தேர்வு. 2008-ல் ஏழு பல்கலைக்கழகங்களோடு தொடங்கிய இத்தேர்வின் வழியாக இன்று நாடெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் மாணவர்களைச் சேர்க்கின்றன. நம் மாநிலத்தில் அவ்வாறு சேர்ப்பது திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம். ஆனால் சென்னையில் உள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும், அதன் பெருங்குடி வளாகத்தில் இயங்கும் சீர்மிகு சட்டப் பள்ளியும், மாநிலம் முழுவதும் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்த நுழைவுத் தேர்வும் வைப்பதில்லை. அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையில், 69 சதவீத இட ஒதுக்கீட்டைப் பின்பற்றித் தரவரிசை தயாரிக்கப்படுகிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 7.5 சதவீத முன்னுரிமை இடங்களும் உண்டு.

1891-ல் தொடங்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சிவப்புக் கட்டடத்தில் இயங்கிவந்த சட்டக் கல்லூரி 2018-ல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் இடம்பெயர்ந்தது. அந்தக் கல்லூரியில் படித்து நீதிபதிகளானவர்களின் பட்டியல் நீளமானது. அவர்களில் எவரும் கிளாட் வழியாக அங்கே சேர்ந்தவர் அல்லர். கிளாட் ஒரு நல்ல வழிதான். ஆனால் சென்னைப் பிள்ளைக்கு அது ஒன்றே வழி என்று வீட்டில் யாராவது சொல்லி வந்தால், அந்த வாக்கியத்தை இன்றே நிறுத்திவிடுங்கள்.

தேர்வின் அமைப்பு என்ன?

இரண்டு மணி நேரத்தில் 120 கொள்குறி வினாக்கள். சரியான விடைக்கு 1 மதிப்பெண். தவறான விடைக்கு 0.25 கழிக்கப்படும். ஆங்கிலத்தில் 22 முதல் 26 வினாக்கள், நடப்பு நிகழ்வுகளும் பொது அறிவும் சேர்ந்த பகுதியில் 28 முதல் 32, சட்டத் தர்க்கத்தில் 28 முதல் 32, பொதுத் தர்க்கத்தில் 22 முதல் 26, பத்தாம் வகுப்பு அளவிலான கணக்கில் 10 முதல் 14 என்பது பகிர்வு. தேர்வு கணினியில் நடப்பதில்லை, ஓ.எம்.ஆர். எனப்படும் விடைத்தாளில் உரிய வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். பொதுப் பிரிவினர் பிளஸ் டூவில் 45 சதவீதமும், பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவினர் 40 சதவீதமும் பெற்றிருக்க வேண்டும். வயது வரம்பு கிடையாது.

டெல்லியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ஐலெட் என்ற தனித் தேர்வை நடத்துகிறது. சில பெற்றோர் இன்னமும் எல்சாட் இந்தியா என்ற இன்னொரு சட்ட நுழைவுத் தேர்வைப் பற்றி விசாரிக்கிறார்கள். அது 2024-ஆம் ஆண்டுடன் நிறுத்தப்பட்டுவிட்டது.

வினாக்கள் எளிதாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் நேரம் போதவில்லையே, ஏன்?

இது வாசிப்பைச் சோதிக்கும் தேர்வு என்பதால்தான். 2020 முதல் எல்லாப் பகுதிகளிலும் ஒரு பத்தியைத் தந்து அதிலிருந்து சில வினாக்களைக் கேட்கிறார்கள். ஒரு பத்தி ஏறத்தாழ 450 சொற்கள். இருபது பத்திகள் என்று வைத்துக்கொண்டாலே 9,000 சொற்கள் ஆகின்றன. நிமிடத்துக்கு 200 சொற்கள் படிக்கும் பிள்ளைக்கு வாசிக்க மட்டுமே 45 நிமிடங்கள் தேவை. மீதமுள்ள 75 நிமிடங்களில் 120 வினாக்கள் என்றால் ஒரு வினாவுக்கு 40 நொடிகூட இல்லை. நிமிடத்துக்கு 120 சொற்கள் படிக்கும் பிள்ளைக்கு வாசிப்பிலேயே 75 நிமிடங்கள் கரைந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று பொருளில்லை, வாசிக்கும் பழக்கம் குறைவு என்றுதான் பொருள். பழக்கத்தை மாற்ற முடியும்.

ஆகவே பிளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதத்திலிருந்தே நாள்தோறும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றையும் கட்டுரை ஒன்றையும் அச்சுத் தாளில் படிக்கச் சொல்கிறேன். படித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு, எழுதியவர் எதை நிலைநாட்ட முயல்கிறார், அதற்கு என்ன காரணம் சொல்கிறார் என்பதை இரண்டு வரியில் எழுத வேண்டும். தமிழில் எழுதினாலும் சரியே. கைபேசியில் படிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. தேர்வறையில் கையில் இருக்கப்போவது காகிதம். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் எழும்பூர் கன்னிமாரா நூலகமும் இதற்கு உகந்த இடங்கள். வீட்டில் இடநெருக்கடி உள்ள பிள்ளைகள் பலர் சனி, ஞாயிறுகளில் அங்கேதான் படிக்கிறார்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் இத்தேர்வை எழுத முடியுமா?

எழுதலாம். ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது என்பதையும், அது தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஒரு தடை என்பதையும் மறைக்க நான் விரும்பவில்லை. பிளஸ் டூவில் ஐந்நூற்று ஐம்பதுக்கு மேல் எடுக்கும் பிள்ளை கிளாட் மாதிரித் தேர்வில் முப்பது மதிப்பெண் வாங்கி அழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த முப்பது அவளுடைய தர்க்கத்துக்குக் கிடைத்தது அன்று, ஆங்கிலத்துக்குக் கிடைத்தது. அப்படிப்பட்டவர்கள் ஒரே செய்தியை முதலில் தமிழ் நாளிதழிலும் பிறகு ஆங்கில நாளிதழிலும் படிப்பது நல்ல பலன் தருகிறது. விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் அறியாத சொற்களின் பொருள் இடத்தை வைத்தே விளங்கிவிடும். ஓராண்டு இடைவிடாமல் செய்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். மூன்று மாதத்தில் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இவர்கள் பிளஸ் டூ மதிப்பெண் வழியை முதல் வழியாகவும் கிளாட்டை இரண்டாம் வழியாகவும் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து பல வினாக்களை விட்டுவிடுகிறேன். சரியா?

பெரும்பாலும் தவறு. கணக்கைப் பாருங்கள். நான்கு விடைகளில் இரண்டை உறுதியாக நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், இப்படிப்பட்ட நான்கு வினாக்களில் சராசரியாக இரண்டு சரியாகவும் இரண்டு தவறாகவும் அமையும்: கிடைப்பது 2, இழப்பது 0.50, கையில் நிற்பது 1.50. ஒரே ஒரு விடையை நீக்க முடிந்தால்கூடச் சிறிய ஆதாயம் உண்டு. ஒன்றையும் நீக்க முடியாதபோதுதான் ஊகம் வீண்; அதிலும் நட்டமில்லை என்றாலும், அதற்காகச் செலவழிக்கும் நேரம் நட்டம். 95 வினாக்களுக்கு விடையளித்து 72 சரியானால் 66.25 மதிப்பெண், அதே பிள்ளை துணிந்து இன்னும் 12 வினாக்களை எழுதி அவற்றில் ஆறு மட்டும் சரியானாலும் 70.75 ஆகிவிடும்.

மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் ஏறவே இல்லை. மூன்று மாதமாக ஐம்பத்தைந்திலேயே நிற்கிறேன்.

மேலும் மேலும் மாதிரித் தேர்வு எழுதுவதால் இது தீராது. எழுதுவது இரண்டு மணி நேரம் என்றால், அதைத் திருத்திப் பார்க்க மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். நான் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் எதனால் தவறியது என்று எழுதச் சொல்கிறேன்: பத்தியைத் தவறாகப் படித்தேனா, தெரியாத செய்தியா, அவசரமா, அல்லது பத்தியில் சொல்லாததை நானாகச் சேர்த்துக்கொண்டேனா?

கடைசியாகச் சொன்னதுதான் சட்டத் தர்க்கப் பகுதியில் அதிகம். ஓர் உதாரணம் சொல்கிறேன். அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் நுழைவது அத்துமீறல் என்றும், நுழைந்தவரின் நோக்கம் பொருட்டல்ல என்றும் பத்தி கூறுகிறது. மயிலாப்பூரில் தெருவில் கிரிக்கெட் ஆடும் சிறுவன் பக்கத்து வீட்டுச் சுவரேறிக் குதித்துப் பந்தை எடுக்கிறான். இது அத்துமீறலா என்பது வினா. நல்ல மனம் படைத்த பிள்ளைகள் ‘அவனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை’ என்ற விடையை வட்டமிடுவார்கள். பத்தியோ நோக்கத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நமக்குத் தெரிந்த சட்டத்தையும் நம் மனச்சாட்சியையும் அந்த இரண்டு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, தரப்பட்ட விதியை மட்டும் பொருத்திப் பார்க்க வேண்டும். நோட்டில் இந்தக் காரணம் பத்து முறை எழுதப்பட்ட பிறகுதான் கை அந்தத் தவறைச் செய்வதை நிறுத்துகிறது. ஐம்பத்தைந்து அறுபத்திரண்டாகும் இடம் அதுதான்.

கோச்சிங் சென்டரில் சேர்ந்தே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. நேர ஒழுங்கும் மாதிரித் தேர்வுகளும் அங்கே கிடைக்கின்றன. இரண்டையும் வீட்டிலேயே அமைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அது தேவைப்படாது. முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் கூட்டமைப்பின் இணையதளத்தில் இலவசமாகவே உள்ளன. கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவதை மட்டும் நான் வன்மையாக எதிர்க்கிறேன்; அந்தக் கடன் பிள்ளையின் தலையில் தேர்வு நாள் வரை ஏறி உட்கார்ந்திருக்கும்.

பொதுத் தேர்வையும் கிளாட்டையும் ஒரே ஆண்டில் எப்படிச் சமாளிப்பது?

நாட்காட்டியை முன்னால் வைத்துப் பேசுவோம். அண்மை ஆண்டுகளில் கிளாட் டிசம்பர் முதல் வாரத்து ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது. அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில்தான் வருகிறது. கிளாட் முடிவு ஒன்றிரண்டு வாரத்தில் வெளியாகிறது. பொதுத் தேர்வு மார்ச்சில். நடுவில் இருப்பது ஏறத்தாழ பன்னிரண்டு வாரங்கள்.

இந்தப் பன்னிரண்டு வாரங்களைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். கிளாட்டில் குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளை மனமுடைந்து ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் புத்தகத்தைத் தொடாமல் இருந்தால், அதனால் சரிவது பிளஸ் டூ மதிப்பெண். தமிழ்நாட்டில் சட்டக் கல்லூரியில் இடம் பெற்றுத் தருவதோ அந்த மதிப்பெண்தான். ஒரு கதவு மூடிய துயரத்தில் திறந்திருக்கும் கதவையும் தன் கையாலேயே சாத்திக்கொள்வது போன்றது இது. ஆகவே ஜூனிலிருந்து அக்டோபர் வரை பள்ளிப் பாடத்துக்கே முதலிடம் கொடுத்து, நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் மட்டும் கிளாட்டுக்கு ஒதுக்கி, நவம்பரில் அதை இரண்டு மடங்காக்கி, தேர்வு முடிந்த மறுநாளே முழுவதுமாகப் பள்ளிப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். முடிவு எதுவாக இருந்தாலும் திரும்புவது உறுதி என்று நவம்பரிலேயே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

தேர்வு நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

சென்னையில் முதலாவதாக மழையை. 2023-ல் கிளாட் நடந்த டிசம்பர் 3 அன்று மிக்ஜாம் புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவும் மறுநாளும் நகரம் மூழ்கியது. 2024-ல் தேர்வு டிசம்பர் 1. அதற்கு முந்தைய நாள் இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, விமான நிலையமும் மூடப்பட்டிருந்தது. தேர்வு பிற்பகல் 2 மணிக்குத்தான் என்று காத்திருக்காமல், வெள்ளம் தேங்கும் பகுதியில் இருப்பவர்கள் முந்தைய நாளே மையத்துக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. ஹால் டிக்கெட்டின் இரண்டு நகல்களையும் பேனாவையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். அன்று காலையில் புதிதாக எதையும் படிக்க வேண்டாம்.

முடிவு வந்துவிட்டது. மதிப்பெண் குறைவு. பிள்ளை அறையை விட்டு வெளியே வரவில்லை. நாங்கள் என்ன செய்வது?

இதற்கு என் வீட்டில் நடந்ததைச் சொல்லித்தான் விடையளிக்க முடியும். நாங்கள் வேளச்சேரியில் குடியிருக்கிறோம். 2023-ல் என் மகளின் முடிவு வந்தபோது தெருவில் வெள்ளம் வடிந்து சேறு மட்டும் இருந்தது. பள்ளிகள் அப்போதுதான் திறக்கவிருந்தன. அவள் எதிர்பார்த்தது எண்பது, வந்தது அறுபத்தொன்று. நான் முதலில் கேட்ட கேள்வி, ‘உன் கூட எழுதினவங்களுக்கு எவ்வளவு?’ என்பது. பதினைந்து ஆண்டுகளாகச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து பழகிய வாய் அது. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கேள்விக்காக நான் இன்றும் வருந்துகிறேன். அன்றிரவு என் மனைவி தட்டில் சோற்றைப் பிசைந்து எடுத்துப்போய், தேர்வைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேலை செய்தது அதுதான்.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஆலோசனை எதுவும் வேண்டாம். அழட்டும். உறவினர்களுக்கு மதிப்பெண்ணைச் சொல்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும், ‘முடிவு வந்தாச்சா?’ என்று தொலைபேசியில் கேட்கும் அத்தை, மாமாக்களுக்குப் பெற்றோரே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் பிறருடைய ரேங்க்குகள் வந்து விழும் அந்த ஒரு வாரம் கைபேசியைத் தள்ளி வைக்க உதவுங்கள். நான்காம் நாள் விடைத்தாளையும் விடைக்குறிப்பையும் எடுத்து, மாதிரித் தேர்வுக்குச் செய்தது போலவே காரணங்களை எழுதச் சொல்லலாம். என் மகளின் தாளில் கடைசி பதினான்கு வினாக்கள் வெறுமையாக இருந்தன. தான் முட்டாள் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், தனக்கு நேரம் போதவில்லை என்று அன்றுதான் சொன்னாள். அதற்கு அடுத்த நாள் பொருளியல் புத்தகத்தை எடுத்தாள்.

இரண்டு வாரம் கடந்தும் தூக்கமோ உணவோ சீராகவில்லை என்றால், யாரோடும் பேசாமலே இருந்தால், அல்லது இருந்து என்ன பயன் என்பது போன்ற பேச்சு ஒரு முறையாவது காதில் விழுந்தால், காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் 104 எண்ணிலும் மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 எண்ணிலும் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்; கட்டணம் இல்லை. பிள்ளை பேசத் தயங்கினால் பெற்றோர் முதலில் அழைத்து எப்படி நடந்துகொள்வது என்று கேட்கலாம்.

விடைக்குறிப்பிலேயே தவறு இருப்பதாகத் தோன்றினால்?

தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும், குறித்த காலத்துக்குள் வினா ஒன்றுக்கு 1,000 ரூபாய் செலுத்தி ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபம் சரியென்றால் பணம் திரும்பும். உறுதியான காரணம் இருந்தால் செய்யுங்கள். 2024 டிசம்பர் தேர்வில் சில விடைகளைத் திருத்தும்படி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மாதமே உத்தரவிட்டது. மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இறுதி உத்தரவு பிறப்பித்த பின்னரே கலந்தாய்வு தொடங்கியது. அந்த ஐந்து மாதமும் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த பிள்ளைகளையும், வழக்கு தன் போக்கில் நடக்கட்டும் என்று பொதுத் தேர்வுக்குப் படித்த பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். மே மாதத்தில் கையில் இரண்டு வாய்ப்புகளோடு இருந்தவர்கள் பின்னவர்களே.

இந்த ரேங்க்குக்கு எங்கே இடம் கிடைக்கும்?

மதிப்பெண்ணைவிட அகில இந்திய ரேங்க்கையும் பிரிவு வாரியான ரேங்க்கையும் பாருங்கள். வினாத்தாள் கடினமான ஆண்டில் குறைந்த மதிப்பெண்ணுக்கும் நல்ல ரேங்க் வரும். இருவர் சம மதிப்பெண் பெற்றால் சட்டத் தர்க்கப் பகுதியின் மதிப்பெண்ணும், அதுவும் சமமானால் வயதும் பார்க்கப்படுகின்றன. திருச்சிப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கெனத் தனி இடங்கள் இருப்பதால், அகில இந்தியப் பட்டியலில் பின்தங்கியவர்களும் அதற்கு முயலலாம்; விருப்ப வரிசையில் அதை மறந்துவிடாதீர்கள். கலந்தாய்வுக்குப் பதிவு செய்யவே பொதுப் பிரிவினர் 30,000 ரூபாயும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 20,000 ரூபாயும் கட்ட வேண்டியிருந்தது. ஆண்டுக் கட்டணமோ சில லட்சங்கள். மாநிலச் சட்டக் கல்லூரிகளில் கட்டணம் இதைவிட மிகக் குறைவு. ரேங்க் வந்த பிறகு குடும்ப வருமானத்தைப் பற்றிப் பேசினால் பிள்ளைக்கு அது தண்டனையாகத் தோன்றும். விண்ணப்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

ஓராண்டு வீட்டிலிருந்து மீண்டும் எழுதலாமா?

முதல் முறை உண்மையாகவே தயாரிக்காமல் எழுதியவருக்கு, அல்லது மழை, காய்ச்சல், ஓ.எம்.ஆர். தாளில் வரிசை மாறியது போன்ற தெளிவான காரணம் இருப்பவருக்கு, அது பொருள் தரும். முழுமையாகத் தயாரித்தும் வெகு தொலைவில் நின்றவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. சட்டக் கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டே இரண்டாம் முறை எழுதுவோரும் உண்டு. ஓராண்டை வெறுமையாக விடுவதைவிட இது மேல். மீண்டும் எழுத விரும்புவது பிள்ளையா பெற்றோரா என்பதை மட்டும் தனியே உட்கார வைத்துக் கேளுங்கள்.

வேலை தேடும்போது கிளாட் மதிப்பெண்ணைக் கேட்பார்களா?

கேட்பதில்லை. ஆனால் பெரிய நிறுவனங்களின் சட்ட வேலைகளுக்கு முன்னணித் தேசியச் சட்டப் பல்கலைக்கழக வளாகங்களுக்கே நேரில் சென்று ஆள் எடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அந்த வேலையே இலட்சியம் என்பவருக்குக் கல்லூரியின் பெயர் பொருட்படுத்தத் தக்கதே. நீதிமன்றத்தில் வாதாட விரும்புவோருக்கு அப்படியில்லை. வழக்கறிஞராகப் பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டியது சட்டப் பட்டம். பிறகு அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். பதிவுக் கட்டணமாகச் சட்டம் நிர்ணயித்த 750 ரூபாய்க்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

இப்போதே தயாராக வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் எவை?

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழும் மத்திய அரசு நிறுவனங்கள் கேட்கும் ஓ.பி.சி. சான்றிதழும் வேறு வேறு. பிந்தையது குறிப்பிட்ட நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதால் பழையதை நம்பியிருக்க வேண்டாம். பெயரின் முதலெழுத்து பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தால், அதைத் திருத்தும் வேலையைக் கலந்தாய்வு வரை தள்ளிப்போடாதீர்கள்.